வளைகாப்புக்கு முன் ஒரு ஊசி

பணி ஓய்வு பெற்றால் காலை நீட்டி உட்காரலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பொங்கோலில் எங்கள் வீட்டில் காலையில் துணி உலர்த்திவிட்டு, காப்பி கலக்கி, அதைப் பாதி குடித்ததும் குடிக்காததுமாக வைத்துவிட்டு, கீழே இறங்கி நீரோரமாக நடக்கப் போய்விடுகிறேன். நடந்தால் சரியாகிறதா என்றால் அதுவும் இல்லை. ரயிலில் எதிரே ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து உட்கார்ந்தால் நாக்கு பரபரக்கிறது. எத்தனை மாதம், ஃப்ளூ ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்கத் துடிக்கிறது. ஒரு தடவை கேட்டும்விட்டேன். அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அது அவள் இறங்க வேண்டிய இடமாக இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

போன வாரம் ஷாலினி கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த கிளினிக்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் தாதி. இளம் தாதிகளுக்கு ஏதோ பயிற்சி வகுப்பாம், நான் வந்து பேச வேண்டுமாம். கர்ப்பிணிகளில் அதிகம் பேரை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வைப்பது எப்படி என்பது தலைப்பு. "ஸ்லைட்ஸ் எல்லாம் நான் பண்ணிடுறேன் ஆண்ட்டி. நீங்க நாலு டிப்ஸ் மட்டும் சொன்னா போதும்லா" என்றாள். நாலு டிப்ஸுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்தது ஒரு டாக்டர், ஒரு மாமியார், ஒரு மருமகள். அவர்களைப் படம் போட்டுக் காட்ட முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன். ஷாலினி தனக்கு வேண்டியதைப் பிய்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

தாதிப் பயிற்சி, பிரசவ வார்டு, மருத்துவச்சிப் படிப்பு என்று என் பழைய காலம் ஒரு வரியில் அடங்கும். தூக்கம் கெட்டது, கால் வீங்கியது, குழந்தைகள் பிறந்தன. பிறகு வார்டு வேலை ஒத்துவராமல் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் டாக்டர் ஜுலைகாவின் கிளினிக்கில் சேர்ந்தேன். ஒரு பக்கம் பூக்கடை, மறு பக்கம் நகைக்கடை. மல்லிகை வாசமும் டெட்டால் வாசமும் சேர்ந்து அடிக்கும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம் பெண்கள்.

டாக்டர் ஜுலைகா நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்டவர்கள். அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யாரிடமும் பேச மாட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் வந்துவிடுவார். வயிற்றில் கை வைப்பதற்கு முன் உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்சாதன அறையில் ஜில்லென்று கை பட்டால் அந்தப் பெண் வயிற்றை எக்கிக்கொள்வாளாம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைத்துணியின் முனையால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாம் ஏதாவது வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். நான் அவருக்கு நேர் எதிர். என் கணவர் என்னை எண்ணெயில் விழுந்த கடுகு என்பார், அது பொய்யில்லை.

ஃப்ளூ ஊசி விஷயத்தில் டாக்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. கேட்க வேண்டும், விளக்க வேண்டும், விட்டுவிட வேண்டும். பரிசோதனை எல்லாம் முடிந்து அந்தப் பெண் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடும் நேரத்தில் மென்மையாகக் கேட்பார்: "ஃப்ளூ ஊசி இருக்கு. விருப்பம்னா போட்டுக்கலாம். என்ன சொல்றீங்க?" தாய்க்கும் பாதுகாப்பு, பிறந்த பிறகு சில மாதம் குழந்தைக்கும் அது துணை நிற்கும், அவ்வளவு சின்னக் குழந்தைக்கு இந்த ஊசியை நேரடியாகப் போட முடியாது என்று அழகாக விளக்குவார். அந்தப் பெண்ணும் அழகாகத் தலையாட்டிவிட்டு, "வீட்டில கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்று கிளம்பிவிடுவாள். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்து சொன்னவர்கள் அபூர்வம்.

எனக்கு ரத்தம் கொதிக்கும். தினமும் காலையில் வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, மருந்துக் குளிர்பெட்டியைத் திறந்து வெப்பநிலையைப் பார்ப்பது. தடுப்பூசிகள் உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வேன். அந்தந்தப் பருவத்துக்கென்று வரும் மருந்து. காலாவதித் தேதி நெருங்கியதும் அப்படியே எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட வேண்டியிருக்கும். வெளியிலோ காய்ச்சலும் இருமலுமாக ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "டாக்டர், நம்ம ஆளுங்ககிட்ட சாப்பிடுறீங்களான்னு கேட்டா யாராவது ஆமான்னு சொல்லியிருக்காங்களா? இப்பத்தான் சாப்பிட்டேன்னுதான் சொல்வாங்க. கேட்கக் கூடாது, இலையைப் போட்டுடணும். உட்கார்ந்திடுவாங்க."

டாக்டர் சிரித்தார். "எங்க வீட்டிலயும் அப்படித்தான் சிஸ்டர். ஆனா இது சோறில்லையே, ஊசியாச்சே" என்றார்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவர் இளம் டாக்டராக இருந்தபோது, சம்மதம் கேட்காமலே வைத்தியம் என்று எதையெதையோ செய்துவிட்டதில் பெண் ஒருத்தி கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்ததைப் பற்றி முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். எங்கே, யார் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்தவரிடம் போய் இலை போடுங்கள் என்று எப்படி மல்லுக்கு நிற்பது?

இந்த நிலையில்தான் தேன்மொழி வந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கணவர் செந்தில் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர். அதனால் ஒவ்வொரு தடவையும் அவளை அழைத்து வருவது மாமியார் ராஜேஸ்வரி அக்காதான். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பல வருஷம் கடை நடத்தியவர். கையில் எப்போதும் சூப் ஊற்றிய ஃபிளாஸ்க். மருமகள் வெயிலில் நின்றால் அதட்டுவார், நடந்தால் மெதுவாகப் போ என்பார், மெதுவாகப் போனால் என்ன கால் வலியா என்பார். அந்த வீட்டில் கடுகு தாளிப்பது முதல் கட்டில் எந்தப் பக்கம் போடுவது வரை அக்கா சொல்வதுதான். தேன்மொழிக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. சொந்த அம்மா கடல் தாண்டி இருக்கும்போது, அதட்ட ஓர் ஆள் இருப்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

எங்கள் கிளினிக்கில் உள்ளே நோயாளி மட்டும்தான். கூட வருகிறவர்கள் வெளியே வரவேற்பு அறையில் உட்கார வேண்டும். ஆக, டாக்டர் விளக்கியதெல்லாம் தேன்மொழியிடம். தீர்மானிக்க வேண்டியவரோ சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்.

"அத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றாள் தேன்மொழி. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். ஒரு நிமிஷம் கொடுத்தால் அக்காவிடம் நானே பேசிவிடுவேன் என்று டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டி மறுத்தார். நோயாளி கேட்டுக்கொள்ளாமல் அவள் விஷயத்தை வெளியே பேசக் கூடாது. சட்டப்படியும் சரி, மரியாதைப்படியும் சரி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் நடந்த பேச்சு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ராஜேஸ்வரி அக்கா ஊசிக்கு எதிரி இல்லை. கோவிட் ஊசியை வரிசையில் முதல் ஆளாக நின்று போட்டுக்கொண்டவர். அப்போது இரண்டு நாள் காய்ச்சல் அடித்துப் படுத்துவிட்டாராம். அதை வைத்து இதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார். ஏழாம் மாத வளைகாப்பு நெருங்குகிறது, ஊசி போட்டுப் பெண் காய்ச்சலில் வாடிப்போய் மணையில் உட்கார்ந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும், வளைகாப்பு முடியட்டும், மறுநாளே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆசையில் சொன்னதுதான்.

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உணவகத்தின் மேல்மாடிக் கூடம். தேன்மொழி அரக்குப் பட்டில் தங்கச்சிலையாக உட்கார்ந்திருந்தாள். வளைகாப்பு எப்படி நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் கையிலும் சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, வளையல் மாட்டி, முகத்துக்கு அருகே குனிந்து காதில் ஏதாவது கேலி சொல்லிவிட்டுப் போவார்கள். வரிசை கூடத்தின் வாசல் வரை நின்றது. ஊரிலிருந்து முந்தின நாள் விமானத்தில் வந்திறங்கிய ஓர் உறவுக்கார அம்மாள் கைக்குட்டையில் இருமிவிட்டு, அதே கையால் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டார். ராஜேஸ்வரி அக்காவின் காதில் மெல்லச் சொன்னேன். "ஃப்ளைட்டு ஏசி சிஸ்டர், ஒத்துக்கல" என்றார் அவர். நல்ல காரியத்தில் ஒருவரை வரிசையிலிருந்து இறக்கிவிட முடியுமா?

அங்கேதான் தொற்றியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ரயிலில் தொற்றியிருக்கலாம், சந்தையில் தொற்றியிருக்கலாம். அந்த வாரமே தேன்மொழிக்குக் காய்ச்சல். மறுநாள் மூச்சு வாங்குகிறது என்று செந்தில் கிளினிக்குக்குப் போன் செய்தார். டாக்டர் ஒரு வினாடி தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். பெரிய மருத்துவமனையில் ஃப்ளூ என்று உறுதிசெய்தார்கள். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. வயிற்றில் பிள்ளை வளர வளர நுரையீரல் விரிய இடம் குறையும், உடம்பின் எதிர்ப்புப் போக்கும் மாறியிருக்கும். மற்றவர்களைப் படுக்கையில் போடுகிற காய்ச்சல் கர்ப்பிணியை உயிருக்குப் போராட வைத்துவிடும். அவளை மயக்கத்தில் ஆழ்த்திச் சுவாசக் கருவியில் வைத்தார்கள். அப்புறம் குழந்தையைக் காக்க அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும்.

மறுநாள் டாக்டரும் நானும் பார்க்கப் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ராஜேஸ்வரி அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. கையில் ஊசி ஏற்றுவதற்காகத் தேன்மொழியின் வளையல்களைக் கழற்றி அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிரசவத்துக்கு முன்னால் கழற்றக் கூடாத வளையல்கள். சில கழலும்போது உடைந்துவிட்டன. அக்கா அந்தத் துண்டுகளைப் பைக்கு மேலாகவே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நான்தான் வேணாம்னு சொன்னேன். அந்த ஊசியப் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதா சிஸ்டர்?"

ஆகியிருக்காது என்று சொன்னால் அந்த அம்மாளைக் கொன்றதுபோல. ஆகியிருக்கும் என்று சொன்னால் பொய். போட்டவர்களுக்கும் ஃப்ளூ வரலாம், ஆனால் இந்த அளவுக்குப் போவது குறைவு. இதை அந்த நடைக்கூடத்தில் வைத்து எந்த வாயால் சொல்வது?

டாக்டர் ஜுலைகா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தார். "உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா. போட்டிருந்தா இவ்வளவு மோசமாகாம இருந்திருக்கலாம். ஆனா உங்ககிட்ட யாரும் வந்து சொல்லலையே. வெளிய உட்கார வச்சுட்டு, நான் உள்ள பேசிட்டு இருந்தேன். அது என் வேலைல இருந்த குறை. உங்க குறை இல்ல."

அக்கா மற்றக் கையால் பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது டாக்சியில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மனசாரத்தான் சொன்னீங்களா டாக்டர், இல்ல ஆறுதலுக்கா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோபம் என் மேல் என்றுதான் நினைத்தேன். "விருப்பம்னா போட்டுக்கலாம்னு சொன்னா, அவசியமில்லைன்னுதானே கேட்கிறவங்களுக்குப் படும். நீங்க இலை போடணும்னு சொன்னப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார். எனக்கு வெற்றி பெற்றதுபோல் இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிப் பைக்குள் வைத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த வாரமே கிளினிக்கில் நாற்காலிகள் இடம் மாறின. உள்ளே இன்னும் இரண்டு நாற்காலி போட்டோம். முதலில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்போம், இதை இன்னும் யார் கேட்டால் உங்களுக்கு நல்லது என்று. அவள் சொல்கிற ஆளை உள்ளே அழைப்போம். மாமியார், கணவர், நாத்தனார், சில சமயம் தொலைபேசியில் ஊரிலிருக்கும் அம்மா. யாரும் வேண்டாம் என்றால் யாரும் இல்லை. டாக்டர் பேச்சை முடிக்கும்போது கேட்பதை விட்டுவிட்டு ஆரம்பத்திலேயே சொல்லத் தொடங்கினார்: "இன்னிக்கு உங்களுக்கு ஃப்ளூ ஊசி போடுற நாள். போடுறதுக்கு முன்னாடி என்ன கேட்கணுமோ கேளுங்க. வேணாம்னா தாராளமா அதையும் சொல்லுங்க." இலையும் போட்டாயிற்று, எழுந்து போகக் கதவும் திறந்திருந்தது.

என் பங்குக்கு நான் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். எடை பார்க்கும்போதே வளைகாப்பு எப்போது என்று கேட்டுவிடுவேன். முஸ்லிம் பெண்களிடம் ஏழாம் மாத விருந்து எப்போது என்று கேட்பேன். அதற்கு இரண்டு வாரம் முன்னாலாவது ஊசி போட்டுவிட வேண்டும், எதிர்ப்புச் சக்தி வர அவ்வளவு நாள் பிடிக்கும் என்பேன். கை கொஞ்சம் வலிக்கலாம், சிலருக்கு லேசாகக் காய்ச்சல் காட்டலாம், அதெல்லாம் ஓரிரு நாளில் போய்விடும், உங்கள் பெண் மணையில் பளிச்சென்று உட்காருவாள் என்று மாமியார்களிடம் சொல்வேன். மருந்து குழந்தைக்கு இறங்கிவிடுமே என்று ஒருவர் கேட்டார். பாதுகாப்பு இறங்க வேண்டும் என்றுதானே போடுகிறோம் என்றேன். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் 'வீட்டில கேட்டுச் சொல்றேன்' என்பது மெல்ல மெல்லக் குறைந்துபோனது. வீடே உள்ளே உட்கார்ந்திருக்கும்போது யாரைப் போய்க் கேட்பது?

தேன்மொழி பிழைத்துக்கொண்டாள். பல வாரம் ஆனது. குழந்தையும் கருவிகளிலிருந்து ஒவ்வொன்றாக விடுபட்டு வீடு வந்து சேர்ந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, தேன்மொழி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று செந்தில் முன்பதிவு செய்தார். அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தேன்மொழி மட்டும் உள்ளே வந்தாள். டாக்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு, வேறு யார் கேட்க வேண்டும் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போட்டுக்கிறேன் டாக்டர். ஆனா அத்தை சொல்லணும்."

உயிர் போய் வந்தவள் பேசுகிற பேச்சா இது? டாக்டர் அமைதியாக ஏன் என்று கேட்டார்.

"அதுக்கப்புறம் அத்தை எதுக்கும் வாயத் திறக்கிறதில்ல டாக்டர். குழம்புல புளி போதுமான்னு கேட்டாக்கூட உன் இஷ்டம்மாங்கிறாங்க. பாப்பாவுக்குப் பேரு வைக்கிறப்பகூட அப்படித்தான். எனக்கு இங்க வேற யாரு இருக்கா? இந்த ஒண்ணையாவது அவங்க சொல்லட்டும்."

நான் வெளியே போனேன். ராஜேஸ்வரி அக்கா வரவேற்பு அறையில்கூட இல்லை. வாசலில், பூக்கடைக்கும் எங்கள் கதவுக்கும் நடுவில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டேன். "என்னைக் கேட்காதீங்க சிஸ்டர். ஒரு தடவை சொன்னதே போதும். அவ இஷ்டம்" என்றார்.

"அன்னிக்கு உங்கள வெளிய உட்கார வச்சோம் அக்கா. இன்னிக்கு நீங்களா வெளிய நிக்கிறீங்க. அவ உள்ள உங்க முகத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா" என்றேன். அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றினார். எங்கள் கிளினிக்கில் யாரும் செருப்பைக் கழற்றத் தேவையில்லை. நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். டாக்டருக்குக் காத்திருக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. கையுறைப் பெட்டியைத் திறந்து மூடி, மூடித் திறந்து நின்றேன். குழந்தை டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை இழுத்து வாயில் வைத்தது. கடைசியில் அக்கா கேட்டார், இந்த ஊசி பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும்தானா என்று. டாக்டர், இல்லை, கைக்குழந்தை வரப்போகும் வீட்டில் எல்லாரும் போட்டுக்கொள்வது நல்லது, உங்கள் வயதுக்கு இன்னும் நல்லது என்றார்.

"அப்ப எனக்கு முதல்ல போடுங்க" என்றார் அக்கா.

ஒவ்வாமை உண்டா, இன்று காய்ச்சல் உண்டா என்று கேட்டுவிட்டு மருந்தை எடுத்து வந்தேன். அக்கா குழந்தையை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, ரவிக்கைக் கையை மேலே தள்ளிக்கொண்டு, முஷ்டியை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டார். தோள் கல்லாக இருந்தது. கையைத் தளரத் தொங்கவிடுங்கள் அக்கா, இறுக்கினால் வலிக்கும் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விரல்கள் பிரிந்தன. போட்டு முடித்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் எழுந்து, அந்த நாற்காலியில் மருமகளை உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். தேன்மொழி உட்கார்ந்தாள். நான் அவள் கையைத் துடைத்தேன். அவளும் முஷ்டியை இறுக்கிக்கொண்டாள்.

அக்கா டாக்டரிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகளின் தோள் பக்கம் வந்து நின்றார்.

"கைய இறுக்காத தேனு. தளர விடு. வலிக்காது, போட்டுக்கோ."

"சரி அத்தை" என்றாள் தேன்மொழி. நான் ஊசியைப் போட்டேன்.